கோடை விடுமுறையில் காசில்லாமல் ஆடிய ஆட்டங்கள்: உங்கள் ஊரில் என்ன, எப்படி?

தேரிக்காடு:
நுங்கு வண்டி என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகள் வந்துவிட்டார்கள் என்று எல்லோரும் வருத்தப்படுகிறோம். அதை எப்படிச் செய்வது என்று மட்டும் யாரும் எழுதிவைப்பதில்லை. அதற்காகத்தான் இந்த இழை. 70களிலும் 80களிலும் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்கள், முழு ஆண்டுத் தேர்வு முடிந்த நாளிலிருந்து ஜூனில் பள்ளி திறக்கும் வரை என்ன ஆடினீர்கள் என்று செய்முறையோடு எழுதுங்கள். "அது ஒரு பொற்காலம்" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போக வேண்டாம். பொருள் எங்கே கிடைத்தது, விதி என்ன, சண்டை வந்தால் யார் தீர்த்தார்கள், அதெல்லாம் வேண்டும்.

நானே தொடங்குகிறேன். எங்கள் ஊர் திருச்செந்தூர்ப் பக்கம், தேரி என்று சொல்லும் செம்மணல் மேட்டை ஒட்டியது. சித்திரை, வைகாசியில் நுங்குக்குப் பஞ்சமே இல்லை. தலையைச் சீவினால் மூன்று கண் தெரியும். பெருவிரலை விட்டு நெம்பி, அப்படியே உறிஞ்சிச் சாப்பிட வேண்டும். கத்தியால் தோண்டி எடுத்த காய் வண்டிக்கு ஆகாது, விளிம்பு பிளந்துபோகும். ஒரே அளவில் இரண்டு கூந்தலை (நுங்கு தின்ற வெறுங்காயை) பொறுக்கிக்கொண்டு, ஒரு முழ நீளக் குச்சியின் இரண்டு முனையையும் கூராகச் சீவி, காய்களின் நடுவில் குத்தி இறக்கினால் அச்சும் சக்கரமும் தயார். அப்புறம் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கவட்டைக் கம்பு. கவட்டையை அச்சின் மேல் வைத்துத் தள்ளிக்கொண்டே ஓட வேண்டியதுதான். தேரி மணலில் ஓடாது. ஊர்ச் சாலையில்தான் ஓடும். வெயிலில் கிடந்தால் காய் சுருங்கி அச்சு ஆட ஆரம்பிக்கும். அதைத் தூக்கி மாட்டுக்குப் போட்டுவிட்டு அடுத்த வண்டி. மாடு அவ்வளவு ருசியாகத் தின்னும்.

குடமுருட்டி:
தஞ்சாவூர்ப் பக்கம் பம்பரம்தான் ராஜா. கடைப் பம்பரத்தைவிட ஆசாரி கடைந்து கொடுத்ததுக்குத்தான் மதிப்பு. கொய்யா, புளி, கருவேலம் மாதிரி கெட்டி மரமாக இருந்தால் ஆக்கர் (அடுத்தவன் பம்பர ஆணி குத்தும் குழி) விழுந்தாலும் பிளக்காது. ஆணியை எவ்வளவு வெளியே விடுவது என்பதில் ஒவ்வொருவனுக்கும் ஒரு கணக்கு. நீள ஆணி நின்று குத்தும், ஆனால் சுற்று குறையும். குட்டை ஆணி தூங்குகிற மாதிரி ஆடாமல் அசையாமல் சுற்றும்.

வட்டம் போட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் விட வேண்டும். விட்டதும் சாட்டையைச் சுழற்றிப் பம்பரத்தைத் தூக்கிக் கையில் பிடிப்பதுதான் அபீட். கடைசியாக அபீட் எடுத்தவன் பம்பரம் வட்டத்துக்குள் போகும். சாட்டையை மடித்துத் தயாராக வைத்திருந்தவன் தப்பிப்பான், கை நடுங்கியவன் மாட்டுவான். உள்ளே கிடக்கும் பம்பரத்தின் மேல் மற்றவர்கள் ஓங்கிக் குத்துவார்கள். குழி விழும், சில நேரம் இரண்டாகப் பிளக்கும். பிளந்தால் அழக்கூடாது என்பதும் ஒரு விதி. யாரும் அதை எழுதிவைத்ததில்லை, ஆனால் அழுதவனை மறுநாள் சேர்க்கமாட்டார்கள்.

வண்ணாரப்பேட்டை:
வடசென்னையில் காற்றாடியைப் பற்றிப் பேசாமல் கோடையைப் பற்றிப் பேசவே முடியாது. மொட்டைமாடிக்கு மாடி சண்டை. வஜ்ரப் பசையும் சோறும் கண்ணாடித் தூளும் சாயமும் போட்டுக் காய்ச்சி, இரண்டு விளக்குக் கம்பத்துக்கு நடுவில் நூலைக் கட்டி இழுத்து மாஞ்சா போடுவோம். அதற்கு மேல் செய்முறையை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. சென்னையில் மாஞ்சா நூல் கழுத்தை அறுத்து உயிர்கள் போயிருக்கின்றன. பைக்கில் அப்பா முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தைகளும் அதில் அடக்கம். காவல்துறை தடையும் இருக்கிறது. வெள்ளை நூலில் விடுங்கள், அதிலும் காற்றாடி நன்றாகவே ஏறும். பழையது என்பதற்காக எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. எங்களுக்கு மைதானம் என்று தனியாக எதுவும் கிடையாது. காலியாகக் கிடந்ததெல்லாம் மைதானம். இன்றைக்குக் காலி இடம் எங்கே இருக்கிறது? தி.நகர் என்பதே 1920களில் ஏரியை வற்றவைத்து எழுப்பிய ஊர்தான். நகரம் வளர்வது புதிதில்லை. ஆனால் எங்கள் காலம் வரைக்கும் இரண்டு தெருவுக்கு ஒரு பொட்டல் மிச்சமிருந்தது. அது இப்போது கார் நிறுத்துமிடம்.

மல்லிப்பந்தல்:
மூன்று பதிவும் பையன்கள் பதிவு. மதுரையிலிருந்து ஒரு அக்கா எழுதுகிறேன், கொஞ்சம் இடம் கொடுங்கள்.

எங்களுக்குத் திண்ணைதான் உலகம். பல்லாங்குழி, தாயம், அஞ்சாங்கல், சாயங்காலமானால் தெருவில் பாண்டி. தாயக்கட்டை வாங்க வழியில்லாத வீட்டில் புளியங்கொட்டையைச் சிமெண்டுத் தரையில் ஒரு பக்கம் மட்டும் தேய்ப்போம். கறுப்புத் தோல் போய் உள்ளே வெள்ளை தெரியும். அப்படித் தேய்த்த கொட்டைகளைக் குலுக்கிப் போட்டு, வெள்ளையை எண்ணினால் போதும். தேய்க்கும்போது கொட்டை கொதிக்கும். பக்கத்தில் இருப்பவள் கையில் சட்டென்று வைத்துவிட்டு ஓடுவதுண்டு. அந்தச் சூட்டுக்குப் பயந்தே பாவாடைக்குள் கையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

பாண்டிக்கு நல்ல சில்லு கிடைப்பதுதான் கஷ்டம். ஓட்டுச்சில்லு துள்ளிக் கோட்டைத் தாண்டிவிடும். மண்பானைச் சில்லு விழுந்த இடத்தில் உட்காரும். நல்ல சில்லு கிடைத்தவள் அதை அரிசிப்பானைக்குப் பின்னால் ஒளித்துவைப்பாள்.

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். வயசுக்கு வந்த அன்றோடு எனக்குத் தெரு மூடிவிட்டது. சடங்கு முடிந்து பட்டுப்பாவாடையோடு திண்ணைக்கு வந்தேன், உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். என் வயதுப் பையன்கள் அதற்கப்புறமும் பல வருடம் அதே தெருவில் கோலி ஆடினார்கள். பாண்டிக்கட்டம் சன்னலிலிருந்து தெரியும். என் தங்கைகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் எனக்கு அந்தக் கோடை. இந்த மாதிரி இழைகளில் பெண்கள் எழுத்து பாதியிலேயே நின்றுவிடுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நொய்யல்:
அக்கா, மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. என் அக்காவும் அப்படித்தான் ஒரு நாள் ஆட்டத்திலிருந்து காணாமல் போனாள். ஏன் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

எங்கள் சூலூரில் தீப்பெட்டிப் படம்தான் காசு. பஸ் நிலையம், டீக்கடை வாசல், சினிமாக் கொட்டகை, எங்கே காலிப் பெட்டி கிடந்தாலும் பாய்ந்து எடுப்போம். மேல்தாளைக் கிழியாமல் பிரிப்பது ஒரு கலை. தண்ணீரில் போட்டால் சாயம் ஊறும். ஓரத்தில் எச்சில் தொட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக உரிக்க வேண்டும். உரித்ததை நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்து மேலே உட்கார்ந்துவிடுவேன்.

ஊர்க் கடையில் தினமும் விற்கும் படம் பத்து. எப்போதாவது கிடைப்பது நூறு. லாரி டிரைவர்கள் போட்டுவிட்டுப் போகும் வெளியூர்ப் படம் ஐந்நூறு. மதிப்பை நாங்களே வைத்தோம். ஒரு படம் அதிகமாகக் கிடைக்க ஆரம்பித்தால் எல்லோரும் கூடிப் பேசிக் குறைப்போம். வட்டம் கீறி நடுவில் படங்களை அடுக்கி, தூரத்திலிருந்து சில்லை எறிய வேண்டும். கோட்டுக்கு வெளியே வந்த படம் எறிந்தவனுக்கு.

காலிப் பெட்டியும் வீண் போகாது. பொன்வண்டு பிடித்து அதில் போட்டு, கொடுக்காப்புளி இலை வைப்போம். பச்சையும் பொன்னுமாக மின்னும். மஞ்சளாக முட்டை இட்டிருந்தால் வகுப்பே வந்து பார்க்கும். பாதி வண்டு பெட்டிக்குள்ளேயே செத்துப்போகும் என்பதும் உண்மை. என் மகளுக்கு வண்டை மரத்திலேயே காட்டினேன், பெட்டியைக் கொடுக்கவில்லை.

வைப்பாறு:
நொய்யல் தம்பி, நீங்கள் எச்சில் தொட்டு உரித்த அந்தப் படங்களை ஒட்டியவர்களில் நானும் ஒருத்தியாக இருக்கலாம். ஊர் சாத்தூர்ப் பக்கம்.

கம்பெனியிலிருந்து கட்டுக் கட்டாக மரச்சீவலும் நீலத்தாளும் வீட்டுக்கு வரும். மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுப் பசை செய்வார் அம்மா. சீவலில் மடிப்பதற்குக் கோடு ஏற்கெனவே விழுந்திருக்கும். அந்தக் கோட்டில் மடித்து, தாளைச் சுற்றி, பெருவிரலால் ஒரு நீவல். அவ்வளவுதான் ஒரு பெட்டி. அதைப் பார்க்காமலே செய்ய வரும். கண் தெருவில் இருக்கும், கை பாட்டுக்கு மடிக்கும். 144 பெட்டி ஒரு குரோஸ். கூலி குரோஸ் கணக்கில்தான். விரல் இடுக்கில் துத்தம் பட்ட இடம் வெடித்திருக்கும், குழம்புச் சோறு பிசைந்தால் எரியும். அதனால் ராத்திரி மோர்ச்சோறுதான் கேட்போம்.

பள்ளி நாளில் சாயங்காலம் மட்டும். கோடை விடுமுறை என்றால் நாள் முழுக்க. என் அக்காவுக்குப் பள்ளியே இல்லை. விடியுமுன் ஊருக்குள் வரும் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்க் கட்டையில் குச்சி அடுக்குவாள். பஸ் ஹார்ன் சத்தத்துக்கு எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் எழுந்துவிடும்.

ஆட்டம் இல்லாமல் இல்லை. பெட்டி ஒட்டிக்கொண்டே கதை சொல்வோம், விடுகதை போடுவோம், யார் முதலில் ஒரு குரோஸ் முடிப்பது என்று பந்தயம். சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்பும் நிஜம்தான். ஆனால் உங்கள் எல்லோருக்கும் வெளியில் ஓட ஒரு மே மாதம் இருந்தது.

புதுக்குடித்தனம்:
நல்லா போய்க்கொண்டிருந்த இழை. பழைய சந்தோஷத்தைப் பகிரத்தானே வந்தோம்? சோகத்துக்குத் தனியாக ஒரு இழை தொடங்கலாமே. யாரையும் குறை சொல்லவில்லை, வேலை முடிந்து வந்து கொஞ்சம் மனசு லேசாகட்டும் என்று படிக்கிறேன்.

தேரிக்காடு:
நண்பரே, இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், வைப்பாறு அக்காவின் பதிவு இங்கேதான் இருக்க வேண்டும். பெட்டியை எப்படி மடிப்பது என்று இவ்வளவு துல்லியமாக யாரும் எழுதி நான் படித்ததில்லை. நான் கேட்டதே செய்முறைதான்.

நாம் எல்லோரும் "காசில்லாமல் ஆடினோம்" என்று பெருமையாகச் சொல்கிறோம். காசு வேண்டியிருக்கவில்லை, சரி. ஆனால் நேரம் வேண்டும், இடம் வேண்டும், பெரியவர்கள் கண் கொஞ்ச நேரம் நம் மேல் இல்லாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றும் எனக்குக் கிடைத்தது. மல்லிப்பந்தல் அக்காவுக்கு ஒரு வயதோடு நின்றது. வைப்பாறு அக்காவுக்கு நேரமே கிடைக்கவில்லை. இன்றைய பிள்ளைகளுக்கு என்ன குறைகிறது என்று யோசித்தாலும் இதே மூன்றில்தான் வந்து நிற்கிறேன். போனைப் பிடுங்கிவைத்தால் நுங்கு வண்டி தானாக வராது. கோடைப் பயிற்சி வகுப்பு, நீச்சல் வகுப்பு, ஓவிய வகுப்பு என்று மணிக்கணக்குப் போட்டு நிரப்பிய பிள்ளைக்கு எந்த நேரத்தில் சண்டை போட்டுச் சமாதானமாக முடியும்?

சிவகாசி வரலாறும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து தொடங்கியதுதான் அந்தப் பக்கத்துத் தீப்பெட்டித் தொழில். மழை பொய்த்த கரிசல் மண்ணுக்கு அது சோறு போட்டது, அதை மறுக்க முடியாது. பிள்ளைகள் வேலை செய்வதைக் கட்டுப்படுத்தும் பழைய சட்டம் 1938லேயே இருந்தது, அதற்குப் பதிலான புதுச் சட்டம் 1986இல்தான் வந்தது. சிவகாசிக் குழந்தைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது. அதாவது நாம் படம் சேர்த்த காலம் முழுக்க அந்தப் பிள்ளைகளைக் காக்க உருப்படியாக எதுவும் நடக்கவில்லை.

கரிசல்:
இடம் என்று தேரிக்காடு சொன்னதால் எழுதுகிறேன். இத்தனை நாள் படிக்க மட்டும் செய்தேன்.

வாடகை சைக்கிள் எல்லோருக்கும் நினைவிருக்கும். கடைக்காரர் நோட்டில் பேரையும் மணியையும் எழுதுவார். கால் எட்டாத பிள்ளைகள் குரங்குப் பெடல்தான்: இடது கை ஹேண்டில்பாரில், வலது கை சீட்டை அணைத்தபடி, வலது கால் பாருக்குக் கீழே நுழைந்து மறுபக்கப் பெடலில். முழுச் சுற்று வராது, அரைச் சுற்று அரைச் சுற்றாக மிதிக்க வேண்டும். செயின் கவர் இல்லாத வண்டியில் கால்சட்டை முழுக்கக் கிரீஸ்.

எங்கள் தெருவிலிருந்து சைக்கிள் கடைக்கு நடுவில் ஊர்த்தெரு ஒன்று இருந்தது. நாங்கள் அதில் ஏறி ஓட்டிப் போகக்கூடாது. தெரு முனையில் இறங்கி, உருட்டிக்கொண்டே போய், மறுமுனையில் ஏற வேண்டும். போகும்போது ஒரு தடவை, விடப்போகும்போது ஒரு தடவை. வாடகை மணி அதற்கும் சேர்த்துத்தான் ஓடும். அதனால் நாங்கள் உருட்டும்போது ஓடுவோம், ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க. திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தத் தெருப் பையன்கள் என் வகுப்பில்தான் படித்தார்கள். பள்ளி மைதானத்தில் ஒன்றாகக் கிட்டிப்புள் ஆடுவோம். என் கிட்டியை வாங்கி அடிப்பார்கள். தெருவுக்கு வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஆனாலும் சைக்கிள் எனக்குப் பிடிக்கும். அந்தத் தெரு தாண்டியதும் கண்மாய்க்கரை, அரை மைல் நேர்ப்பாதை, இரண்டு பக்கமும் வேலமரம். கரைமேல் ஏறி மிதித்தால் எவனும் இறங்கச் சொல்ல முடியாது. என் சின்ன வயசைப் பற்றி யாராவது கேட்டால் முதலில் அந்தக் கரையைத்தான் சொல்வேன்.

மல்லிப்பந்தல்:
கரிசல் தம்பி, எழுதியதற்கு நன்றி. கரையைத்தான் முதலில் சொல்வேன் என்றீர்களே, அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வைப்பாறு:
நானும் படித்தேன் தம்பி. எங்கள் பக்கமும் அப்படித் தெருக்கள் உண்டு.

குடமுருட்டி:
புதுக்குடித்தனம் நண்பருக்காக ஒரு சந்தோஷமான விஷயம் எழுதுகிறேன், செய்முறையோடுதான். நீச்சல். எங்கள் பக்கம் ஆறும் வாய்க்காலும். ஆனால் கோடையில் காவிரியில் மணல்தான் கிடக்கும். ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் ஊருக்கு வந்து சேர்வதற்குள் பள்ளி திறந்துவிடும். அதனால் கிணறுதான். நன்றாகக் காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி இறக்கிவிடுவார் மாமா. மூழ்கவிடாது, ஆனால் கை கால் அடித்தால்தான் நகரும். கொஞ்ச நாள் கழித்து நமக்குச் சொல்லாமலே கயிற்றைத் தளர்த்திவிடுவார். குடுக்கை தனியாக மிதந்து போகும், நாம் தனியாக நீந்திக்கொண்டிருப்போம்.

குடுக்கை கிடைக்காத ஊரில் மண்ணெண்ணெய் டின், லாரி டியூப். ஆழ்துளைக் கிணறு வந்து, திறந்த கிணறுகள் வற்றி, குப்பை கொட்டும் இடமான பிறகு இந்த ஆட்டம் முடிந்துவிட்டது. என் ஊரில் எனக்குத் தெரிந்த கிணறுகளில் இன்று தண்ணீர் உள்ளது ஒன்றுதான். அதைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள், அது நல்லதுதான்.

வண்ணாரப்பேட்டை:
தின்பண்டத்தை யாரும் தொடவே இல்லையே! தேன்மிட்டாய், கமர்கட், இலந்தைவடை, மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்க் கீற்று. மரப்பெட்டி மூடியை டப் டப் என்று தட்டிக்கொண்டே வரும் குச்சி ஐஸ். சேமியா ஐஸுக்குக் கூடுதல் காசு. கழியில் சுற்றிய ஜவ்வுமிட்டாயை இழுத்துக் கையில் கடிகாரம் கட்டிவிடுவார், மேலே பொம்மை கைதட்டும். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம். சதுரமான ஐந்து பைசா, ஓரம் வளைந்து வளைந்து இருக்கும் பத்து பைசா, இரண்டும் அலுமினியம். கையில் இருந்தால் கனமே தெரியாது. 2011இல் நாலணா வரைக்கும் செல்லாது என்று அறிவித்தபோது எங்கள் வீட்டு உண்டியலில் ஒரு பிடி கிடந்தது. மாற்றவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன்.

புதுக்குடித்தனம்:
எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். வைப்பாறு அக்காவின் பதிவை என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். அது இங்கேயே இருக்கட்டும்.

ஒரு சந்தேகம். எங்கள் குடியிருப்பில் இந்த மே மாதம் பிள்ளைகளைக் கூட்டிப் பல்லாங்குழி ஆடலாம் என்று பேச்சு. நேற்றே இரண்டு குடும்பத்துக்குள் தகராறு. நாலு காய் சேர்ந்தால் பசு, சரி. அந்தப் பசு போட்டவருக்கா, குழிக்காரருக்கா?

மல்லிப்பந்தல்:
குழிக்காரருக்குத்தான். எதிராளி போட்டுக்கொண்டு போகும்போது உங்கள் பக்கக் குழியில் நாலாவது காய் விழுந்தால், அந்த நொடியே நீங்கள் "பசு" என்று சொல்லி எடுத்துக்கொள்ள வேண்டும். கவனிக்காமல் விட்டு ஐந்தாவது விழுந்துவிட்டால் போனது போனதுதான், கேட்க முடியாது. என் பாட்டி அதனாலேயே ஆடும்போது ஊர்க்கதையெல்லாம் கேட்பார், நாம் பதில் சொல்லிக்கொண்டே பசுவை விட்டுவிடுவோம்.

மற்ற விதியும் சொல்கிறேன். ஆளுக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து காய், மொத்தம் 70. கையில் இருப்பது தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்தது காலியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை விட வேண்டும். அடுத்தடுத்து இரண்டும் காலி என்றால் ஒன்றும் கிடைக்காது, ஆட்டம் எதிராளிக்கு. சில ஊரில் குழிக்கு ஆறு போடுவார்கள். எது என்று ஆரம்பிக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். பலகை இல்லாவிட்டால் தரையில் சாக்பீஸால் 14 வட்டம் போதும். புளியங்கொட்டையைக் கழுவி ஒரு நாள் வெயிலில் போடுங்கள், பிசுபிசுப்புப் போகும். அப்புறம் தகராறைப் பிள்ளைகளே பேசித் தீர்க்கட்டும், நீங்கள் இரண்டு குடும்பமும் தள்ளி உட்காருங்கள்.